மினி டிராக்டரில் டிரை டிஸ்க் பிரேக் மாற்றுவது எப்படி?

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை பிரேக் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்வராஜ் 717 போன்ற 15 குதிரைத்திறன் வண்டிகளில் டிரை டிஸ்க் (ஆயில் படாமல் காய்ந்தே உரசும் தட்டு) வரும். விஎஸ்டி சக்தி 180டி-யில் உள்ளே விரியும் ஷூ வகை. புதிதாக வரும் பல வண்டிகளில் ஆயிலில் மூழ்கிய டிஸ்க். கீழே சொல்லும் முறை டிரை டிஸ்க்குக்கு மட்டும். ஆயில் பிரேக் என்றால் ஆயிலை வடித்து, பிரேக்கை மூடியிருக்கும் கூட்டைப் பிரிக்க வேண்டும். முதல் வேலையாக அதைத் தொடாதீர்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

ஒவ்வொரு பக்கமும் பினியன் சாப்டின் (சக்கரத்துக்குச் சுழற்சி கொடுக்கும் தண்டின்) ஸ்பிளைனில் (அதில் வெட்டிய நீளப் பற்களில்) இரண்டு லைனிங் டிஸ்க்குகள் (உரசிப் பிடிக்கும் பட்டை பதித்த தட்டுகள்) சுற்றும். அவற்றுக்கு நடுவே ஆக்சுவேட்டர்: முதுகோடு முதுகு சேர்ந்த இரண்டு இரும்புத் தட்டுகள், அவற்றைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்குகள், இடையே சரிவான குழிகளில் உட்கார்ந்த இரும்பு பால்கள். பெடலை மிதித்தால் பிரேக் ராடு இரு தட்டுகளையும் எதிரெதிராகத் திருப்பும். பால்கள் சரிவில் ஏறும், தட்டுகள் விலகும், லைனிங் கூட்டின் சுவரில் அழுந்தும். சுற்றும் டிஸ்க் ஒரு தட்டைத் தன்னோடு இழுப்பதால் பிடி இன்னும் இறுகும். லேசாக மிதித்தாலே வண்டி நிற்பது இதனால்தான். குழியில் துரு பிடித்தால் பிரேக் வெடுக்கென்று பிடிப்பதும், மிதித்த பிறகு விடாமல் ஒட்டிக்கொள்வதும் இதே காரணத்தால்தான்.

கழற்றும் முன் நோயைக் கண்டுபிடியுங்கள்

பெடல் ஆழமாகப் போகிறது, ராடில் நட்டை முறுக்க மரை மிச்சமில்லை என்றால் லைனிங் தேய்ந்துவிட்டது. பெடல் கல் மாதிரி இருக்கிறது, வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால் லைனிங்கில் ஆயில் ஏறியிருக்கிறது. கரகரவென்று இரும்புச் சத்தம் வந்தால் ரிவெட் (லைனிங்கைத் தட்டோடு பிடிக்கும் ஆணி) உரசுகிறது. அன்றே வண்டியை நிறுத்துங்கள். இடது, வலது பின் சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் பெடல் உண்டு; சேற்றுழவில் எப்போதும் ஒரே பக்கம் பிரேக் போட்டுத் திருப்பும் வண்டியில் அந்தப் பக்கம்தான் முதலில் போகும். ஆனாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதுசும் மறுபக்கம் பழசுமாக இருந்தால் ரோட்டில் மிதித்த கணத்தில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மினி டிராக்டரில் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான். முன் சக்கரம் வந்து காப்பாற்றாது.

வாங்க வேண்டியவை

லைனிங் டிஸ்க் 4, ஆக்சுவேட்டர் ஸ்பிரிங் இரண்டு பக்கத்துக்கும், பினியன் சாப்ட் ஆயில் சீல் 2, கூட்டுக்கான பேக்கிங் அல்லது ஓ ரிங், ராடு நுழையும் ரப்பர் மூடி 2, புது ஸ்பிளிட் பின்கள், பிரேக் கிளீனர் 2 டப்பா, உயர் வெப்பம் தாங்கும் கிரீஸ் கொஞ்சம். பழைய டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஸ்பிளைன் பல் எண்ணிக்கையும் வெளி விட்டமும் ஒத்துப்போனால் மட்டும் வாங்குங்கள்.

ஆயில் சீலில் மிச்சம் பிடிக்காதீர்கள். டிரை டிஸ்க் கெடுவதற்கு முக்கியக் காரணமே இந்தச் சீல்தான். கசிகிற சீலை விட்டுவிட்டுப் புது லைனிங் போட்டால் அதுவும் சீக்கிரமே ஆயில் குடித்து வழுக்கும்.

வண்டியைத் தூக்குவது

அவசரப்படக்கூடாத இடம் இது. கருவியைக் கழற்றி, லிப்டைத் தரையோடு இறக்கி, என்ஜினை நிறுத்திச் சாவியை எடுங்கள். சமமான கெட்டித் தரையில் முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வையுங்கள். ஒரு பின் சக்கரம் மேலே ஏறியதும் கியரில் போட்டிருப்பது உதவாது. டிஃபரன்ஷியல் வழியாக மேலே உள்ள சக்கரம் சும்மா சுற்ற, வண்டி நகர்ந்துவிடும். ஆப்புதான் பிடி.

முன் அச்சு நடுப்பின்னில் ஊஞ்சல் போல ஆடும். அந்த அச்சுக்கும் அதைத் தாங்கும் பிராக்கெட்டுக்கும் இடையே இருபுறமும் மர ஆப்பு அடித்து இறுக்குங்கள். இல்லையென்றால் பின்னால் தூக்கியதும் வண்டி பக்கவாட்டில் சாயும். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்தி, பிறகு தூக்குங்கள். பின் அச்சுக் கூட்டுக்குக் கீழே ஸ்டாண்ட் அல்லது குறுக்கே அடுக்கிய மரக்கட்டை கொடுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் வேண்டாம், சட்டென்று நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை விடாதீர்கள். டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் சக்கரத்தைக் கழற்ற இரண்டு பேர் தேவை.

பிரிப்பது

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். மறுபக்கம் பிரிக்காமல் இருந்தால், எது எப்படி இருந்தது என்று குழம்பும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ராடின் லாக் நட் எந்த இடத்தில் இருக்கிறது என்று வெளியே தெரியும் மரைகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, ஸ்பிளிட் பின்னை எடுத்து ராடைப் பெடலிலிருந்து கழற்றுங்கள். கூட்டின் போல்ட்டுகளை எதிரெதிர் வரிசையில் தளர்த்துங்கள். கூடு ஒட்டிக்கொண்டிருந்தால் மரச் சுத்தியலால் சுற்றித் தட்டுங்கள். பொருந்தும் விளிம்பில் ஸ்குரூடிரைவரை நுழைத்து நெம்பினால் பள்ளம் விழும், பிறகு அந்த வழியாகச் சேறும் தண்ணீரும் இறங்கும். வெளி டிஸ்க், ஆக்சுவேட்டர், உள் டிஸ்க் என்ற வரிசையில் வரும். ஆக்சுவேட்டரின் வெளிமுகத்தில் மார்க்கரால் குறியிடுங்கள். இடது வலதைக் கலக்காதீர்கள்.

உள்ளே இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். மாஸ்க் போட்டு, கிளீனரால் நனைத்து, துணியால் துடைத்து, துணியை மூடிய பையில் போடுங்கள். பெட்ரோல், டீசல் இரண்டும் இங்கே கூடாது.

பார்க்க வேண்டியவை

ரிவெட் வைத்த லைனிங்கில் ரிவெட் தலைக்கு மேல் 1 மி.மீ.-க்கும் குறைவாக மிச்சமிருந்தால் மாற்றுங்கள். ஒட்டிய லைனிங் என்றால் வெர்னியர் அளவியால் புது டிஸ்க்கோடு ஒப்பிடுங்கள். ஆயில் ஊறிய லைனிங்கை எரித்தோ, எமரித் தாளால் தேய்த்தோ மீண்டும் போடாதீர்கள். சூடானதும் உள்ளே ஊறிய ஆயில் வெளியே வரும்.

ஆக்சுவேட்டரின் ஸ்பிரிங்குகளைக் கழற்றும்போது கண்ணாடி அணியுங்கள், தெறிக்கும். பால்களை எண்ணி எடுத்துவையுங்கள். குழியில் நகத்தை ஓட்டிப் பாருங்கள்: மேலோட்டமான துருவை மெல்லிய எமரியால் எடுக்கலாம்; நகம் தடுக்குமளவு பள்ளம் விழுந்திருந்தால் பாலை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஆக்சுவேட்டரையே மாற்றுங்கள். தட்டின் முகத்திலோ கூட்டின் சுவரிலோ வெடிப்பு, ஆழமான வரிப்பள்ளம் இருந்தாலும் அப்படித்தான்.

சீலை மாற்றும்போது அதன் உதடு ஆயில் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். உதட்டில் துளி ஆயில் தடவி, ஸ்பிளைன் மேல் மெல்லிய டேப் சுற்றி, அதன் மேல் நழுவவிடுங்கள். ஸ்பிளைன் கிழித்த சீல் அன்றைக்கே கசியும். சாப்டில் சீல் உட்காரும் இடத்தில் வளையமாகத் தேய்மானம் தெரிந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

சேர்ப்பது

பால் குழிகளில் கிரீஸை விரலால் பூசித் துடைத்த அளவுக்கு மட்டும் வையுங்கள். அதிகம் வைத்தால் சூட்டில் உருகி லைனிங்கில் தெறிக்கும். தட்டின் வெளிமுகமும் லைனிங்கும் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். கிரீஸ் கையோடு புது டிஸ்க்கைத் தொடாதீர்கள். டிஸ்க் ஸ்பிளைனில் கையால் தள்ளினாலே நகர வேண்டும். டிஸ்க், குறி வெளியே தெரியும்படி ஆக்சுவேட்டர், மறு டிஸ்க், புது பேக்கிங், கூடு. மூடியதும் ராடைக் கையால் இழுத்து விடுங்கள். தானாகத் திரும்பவில்லை என்றால் திரும்பப் பிரித்துப் பாருங்கள், பெடல் ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும் என்று விடாதீர்கள். போல்ட்டுகளை எதிரெதிராக, உங்கள் வண்டிக் கையேட்டில் உள்ள டார்க்கில் (முறுக்கு அளவில்) இறுக்குங்கள்.

சமன் செய்வது

இரண்டு பின் சக்கரமும் மேலே, கியர் நியூட்ரலில். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே உரசல் தொடங்கும்வரை ராடு நட்டை முறுக்குங்கள். பிறகு உரசல் முழுக்க நிற்கும்வரை தளர்த்துங்கள். இப்போது பெடலைக் கையால் அமுக்கி வெற்று அசைவை (பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் பெடல் சும்மா போகும் தூரத்தை) அளவுகோலால் அளந்து பாருங்கள். எத்தனை மி.மீ. என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். இரண்டு பெடலுக்கும் அது ஒரே அளவாக இருப்பதுதான் முக்கியம். லாக் நட்டை இறுக்கிய பின் மறுபடி அளந்து பாருங்கள். இறுக்கும்போது அளவு மாறுவது வழக்கம்.

ஓட்டிப் பார்ப்பது

மர ஆப்புகளை எல்லாம் எடுத்து, சக்கர நட்டுகளைத் தரையில் இறுக்கி, இரு பெடலையும் லாட்ச் (இரண்டையும் இணைக்கும் கொக்கி) போட்டுச் சேர்த்துவிடுங்கள். காலியான மண் பாதையில் மெதுவான கியரில் பத்துப் பன்னிரண்டு முறை லேசாக மிதித்து லைனிங்கைப் படியவிடுங்கள். அதன் பிறகு ஒருமுறை அழுத்தி மிதித்து, இறங்கி டயர் தடத்தைப் பாருங்கள். இரு தடமும் ஒரே நீளம் இருந்தால் சரி. வண்டி இடது பக்கம் இழுத்தால் இடது நட்டை அரைச் சுற்று தளர்த்தி மறுபடி பாருங்கள். பத்து நிமிடம் மிதிக்காமல் ஓட்டி, இரண்டு கூட்டின் அருகேயும் புறங்கையைக் காட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் சூடு அடித்தால் அங்கே பிரேக் உரசிக்கொண்டே ஓடுகிறது.

சக்கர நட்டுகளை ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பின்னும், பெடல் அசைவை 10 மணி நேர வேலைக்குப் பின்னும் திரும்பச் சரிபாருங்கள். வயலை விட்டு ரோட்டுக்கு ஏறும் ஒவ்வொரு முறையும் லாட்ச் விழுந்திருக்கிறதா என்று காலால் அல்ல, குனிந்து கண்ணால் பாருங்கள்.