கிரிஸ் கத்தியில் துரு எடுத்தது

ஜாவாவின் சோலோ நகரில் பழைய பொருள் கடையில் வாங்கிய கிரிஸ் அது; அலை அலையாய் வளைந்த அலகுள்ள குத்துவாள். அலகு முழுக்கச் செந்துரு. உப்புத்தாளை மட்டும் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். இரும்போடு நிக்கலைச் சேர்த்து அடித்து வரவழைத்த ‘பாமோர்’ கோலம் தேய்ந்துபோனால் திரும்ப வராது.

கைப்பிடியை மெல்லத் திருகிக் கழற்றி, துரு இளகும்வரை அலகைத் தேங்காய்த் தண்ணீரில் ஊறப்போட்டேன். அப்புறம் எலுமிச்சைச் சாறு தொட்டுப் பழைய பல் பிரஷால் தேய்த்தேன். வளைவுகளின் உள்பக்கத்திலும், கைப்பிடி சேரும் அடிப்பகுதியின் சின்னச் சின்ன வெட்டுகளிலும்தான் துரு விடாப்பிடியாக இருந்தது. அங்கே மூங்கில் குச்சி உதவியது. பூந்திக்கொட்டை நுரையில் கழுவி (ஜாவாவிலும் இதுதான் வழக்கம்) ஈரமில்லாமல் துடைத்ததும் அலகு வெள்ளையாக வந்தது.

அடுத்தது வாரங்கான்: எலுமிச்சைச் சாற்றில் கரைத்த ஆர்சனிக். கொடிய விஷம். இதை வீட்டில் செய்யவே கூடாது என்பேன். அங்கேயே கைதேர்ந்த ஒருவரிடம் கொடுத்தேன். இரும்பு கறுத்து, நிக்கல் கோடுகள் வெள்ளியாகப் பளிச்சிட்டன. என்ன அழகு!

இப்போது சந்தன எண்ணெயை மெல்லிசாகப் பூசி வைக்கிறேன். மழைக்காலத்தில் மட்டும் அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.