மான் வேட்டைக்கு எந்தத் தோட்டா, எத்தனை கிரெய்ன்? (ஒரு தப்புக்குப் பிறகு எழுதியது)

டெக்சஸ் ஹில் கன்ட்ரியில் என் முதல் மானைச் சுட்ட அன்று, இரவு ஒன்பது மணி வரை டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு சீடர் மரப் புதருக்குள் தவழ்ந்துகொண்டிருந்தேன். நிலத்துக்காரப் பெரியவர் பின்னாலேயே வந்தார், ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. மான் கிடைத்தது, ஆனால் சுட்ட இடத்திலிருந்து 200 கஜத்துக்கு அப்பால். உடனே விழுந்திருக்க வேண்டிய மான் அது. தப்பு துப்பாக்கியில் இல்லை. நான் தோட்டா தேர்ந்தெடுத்த விதத்தில்தான் இருந்தது. அந்த வாரமே உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லைசென்ஸ், வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, துப்பாக்கியைக் கையாளும் முறை எல்லாம் முடித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். முடிக்காதவர்கள் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

ஒரு சொல் விளக்கம் மட்டும். நாம் பேச்சில் எல்லாவற்றையும் 'தோட்டா' என்றுவிடுவோம். கடையில் அது குழப்பும். பித்தளைக் கூடு, உள்ளே வெடிமருந்து, அடியில் அதைப் பற்றவைக்கும் பிரைமர், முனையில் குண்டு, இவை நான்கும் சேர்ந்த முழுப் பொருளைத் தோட்டா என்கிறேன். குழலை விட்டுப் பறந்துபோகும் பகுதி மட்டும் குண்டு. பெட்டியில் போட்டிருக்கும் கிரெய்ன் அந்தக் குண்டின் எடை. மருந்தின் எடை என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன், சிரிக்காதீர்கள்.

ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். எனக்கு இது மனதில் நிற்கவே இல்லை, தங்கக் கணக்குக்கு மாற்றும் வரை. ஒரு பவுன் 8 கிராம், அதாவது ஏறக்குறைய 123 கிரெய்ன். ஆகவே 150 கிரெய்ன் குண்டு கிட்டத்தட்ட ஒன்றேகால் பவுன். 100 கிரெய்ன் குண்டு முக்கால் பவுனுக்குக் கொஞ்சம் மேலே. இப்போது உள்ளங்கையில் வைத்தாலே வித்தியாசம் தெரிகிறது.

படி 1: குழலில் என்ன பொறித்திருக்கிறது?

குழலின் மேல் பொறித்திருப்பதும் தோட்டாவின் அடியில் பொறித்திருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். 'கிட்டத்தட்ட ஒன்று' போதாது. (இனி வரும் .223, .308 போன்ற எண்களெல்லாம் தோட்டா வகைகளின் பெயர்கள்.) .300 பிளாக்கவுட் தோட்டா .223 துப்பாக்கிக்குள் சில சமயம் உட்கார்ந்துவிடும். விசையை இழுத்தால் துப்பாக்கி முகத்துக்கு முன்னால் வெடிக்கும். இரண்டு வகைத் துப்பாக்கி வீட்டில் இருந்தால் ரேஞ்சுக்கு ஒரு நேரத்தில் ஒரு வகைத் தோட்டாவை மட்டும் எடுத்துப் போங்கள். இதில் எனக்கு வேறு கருத்தே கிடையாது.

படி 2: உங்கள் மாநிலம் எதை அனுமதிக்கிறது?

டெக்சஸில் மானுக்கு ரிம்ஃபயர், அதாவது அடி விளிம்பில் அடித்து வெடிக்கும் .22 எல்.ஆர். போன்றவை, கூடாது. மற்றபடி சென்டர்ஃபயர், அதாவது அடியின் நடுவில் பிரைமர் உள்ளது, எதுவும் சரி. எல்லா ஊரும் இப்படியல்ல. கொலராடோவில் குண்டின் விட்டம் குறைந்தது .24 அங்குலம் இருக்க வேண்டும், அங்கே .223-க்கு இடமில்லை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது, செம்புதான். ஒஹாயோ கதை தனி, கடைசியில் சொல்கிறேன்.

படி 3: உங்கள் தோள் எதைத் தாங்கும்?

கூட்டத்தில் 'எந்தக் காலிபர் (தோட்டா அளவு) சிறந்தது' என்று கேட்டால் தேநீர் ஆறும் வரை சண்டை நடக்கும். .30-06 வந்தது 1906-இல், .270 வின்செஸ்டர் 1925-இல், .308 1952-இல், .243 1955-இல், 7 எம்.எம்-08 1980-இல். இவை அத்தனையும் மானைச் சாய்க்கும். 1895-இலிருந்து இருக்கும் .30-30 கூட இன்றைக்கும் சாய்க்கிறது. 'மானுக்கு 1,000 அடி-பவுண்ட் ஆற்றல் வேண்டும்' என்று ஒரு பழைய கணக்கு உண்டு. சாதாரண .30-30 குண்டு 200 கஜத்தில் அதற்குக் கீழே போய்விடுகிறது. இருந்தும் நூறு வருஷத்துக்கும் மேலாகக் காட்டுக்குள் கிட்டத்திலிருந்து சுட்டு மான் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் அந்த எண்ணை நான் தலையில் தூக்கி வைத்துக்கொள்வதில்லை.

உண்மையான கேள்வி உதை. தோளில் பலமாக உதைக்கும் துப்பாக்கியை நாலு முறை சுட்டதும், ஐந்தாவது முறை உங்களை அறியாமலே கண்ணை மூடிக்கொண்டு விசையைச் சொடுக்குவீர்கள். நண்பரிடம் கொடுத்து, அறையில் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாதபடி அவரை மூடித் தரச் சொல்லுங்கள். வெறும் துப்பாக்கி 'டிக்' என்னும்போது முனை துள்ளினால், உங்களுக்கு அந்த வியாதி வந்துவிட்டது. எனக்கு .30-06-இல் வந்தது. அதை விற்றுவிட்டு .308 வாங்கினேன். இன்று புதிதாக வாங்குபவர் கேட்டால், உடம்பு மெலிந்தவருக்கு .243 அல்லது 6.5 கிரீட்மோர், மற்றவர்களுக்கு 7 எம்.எம்-08 அல்லது .308 என்பேன். மேக்னம் (கூடுதல் வேகமும் உதையும் உள்ள வகை) என்று முடியும் எதையும் முதல் துப்பாக்கியாக வாங்காதீர்கள். 100 கஜத்தில் நிற்கும் மானுக்கு அது எதற்கு?

படி 4: எடை

இது நீங்கள் நினைப்பதைவிடச் சுலபம். மானுக்கு ஒவ்வொரு காலிபரிலும் நடு எடையை எடுங்கள். .243-க்கு 95 முதல் 100. 6.5 கிரீட்மோருக்கு 129 முதல் 143. .270-க்கு 130. 7 எம்.எம்-08-க்கு 140 பக்கம். .308, .30-06 இரண்டுக்கும் 150 முதல் 165. .30-30-க்கு 150 அல்லது 170. அவ்வளவுதான்.

இலேசான குண்டு வேகமாகப் போகும், உதை குறைவு. கனமான குண்டு மெதுவாகப் போகும், ஆழமாக இறங்கும். ஹில் கன்ட்ரியின் வெள்ளைவால் மான்கள் வடக்கு மாநில மான்களைவிடச் சிறியவை, 150 தாராளம். நான் 165 எடுப்பதற்குக் காரணம் ஆக்சிஸ் மான். ஆக்சிஸ் வேறொன்றுமில்லை, கிண்டியில் வேலிக்குள் நின்று நாம் பார்த்த அதே புள்ளிமான்தான். 1932-இல் இங்கே கொண்டுவந்து விட்டார்கள், பெருகிவிட்டது. நம் நாட்டில் 1972 சட்டப்படி அதைத் தொட்டால் சிறை. இங்கே அது வெளிநாட்டு விலங்கு என்பதால் சீசன் என்பதே கிடையாது, வருஷம் முழுக்கச் சுடலாம். முதல் தடவை ஸ்கோப்புக்குள் அந்தப் புள்ளிகளைப் பார்த்தபோது விரல் கொஞ்ச நேரம் நகரவே இல்லை. கிடா வெள்ளைவாலைவிட நல்ல கனம், அதனால்தான் 165.

குழலின் புரியையும், அதாவது குண்டைச் சுழல வைக்க உள்ளே திருகாக வெட்டியிருக்கும் வரிகளையும், ஒருமுறை பாருங்கள். '10-க்கு 1' என்றால் 10 அங்குலத்தில் ஒரு சுற்று. நீளமான, கனமான குண்டு நேராகப் பறக்க வேகமான புரி வேண்டும். பழைய .243 துப்பாக்கிகள் பெரும்பாலும் 10-க்கு 1, 100 கிரெய்ன் வரை பிரச்சினை இல்லை. தூரத்துக்குச் சுடுபவர்கள் விரும்பும் 115 கிரெய்ன் குண்டை அதில் போட்டால் தாளில் ஓட்டை சாவித்துவாரம் மாதிரி விழும், குண்டு பக்கவாட்டில் புரண்டு போகிறது என்று அர்த்தம். மேலே சொன்ன எடைகளில் இந்தத் தலைவலி வராது.

படி 5: எடையைவிடக் குண்டின் அமைப்பு முக்கியம்

கடை அலமாரியில் ஒரே காலிபர் பெயரில் மூன்று நான்கு வேலைக்கான தோட்டாக்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். .243 என்று போட்டு 58 கிரெய்ன் பெட்டி இருந்தால் அது நரிக்கும் எலிக்கும். மானின் தோள் எலும்பில் பட்டதும் மேலேயே சிதறிவிடும். 'மேட்ச்' என்று போட்டிருந்தால் அது தாளில் ஓட்டை போட. முழு உறை போட்ட, அதாவது ஈயத்தின் முனையையும் உலோகத் தகடு மூடிய, குண்டு விரியாமல் ஊசி மாதிரி உள்ளே போய் வெளியே வரும், பல மாநிலங்களில் மானுக்கு அது சட்டவிரோதமும்கூட.

உங்களுக்கு வேண்டியது உள்ளே போனதும் காளான் மாதிரி விரிந்து, ஆனால் உடையாமல் இறங்கும் குண்டு. ரெமிங்டன் கோர்-லாக்ட் 1939-இலிருந்து இந்த வேலையைச் செய்கிறது, விலையும் மலிவு. ஃபெடரல் ஃப்யூஷனில் உறையும் ஈயமும் ஒட்டியே இருக்கும், என் தேர்வு அதுதான். நோஸ்லர் பார்ட்டிஷன் பிறந்த கதை எனக்குப் பிடிக்கும். 1946-இல் ஜான் நோஸ்லர் கனடாவில் சேறு அப்பிய மூஸ் (மிகப் பெரிய மான் வகை) ஒன்றைச் சுட்டார், குண்டு மேலேயே உடைந்துபோய் மூஸ் விழவில்லை. கடுப்பாகி, நடுவில் ஒரு சுவர் வைத்து முன்பாதி விரியவும் பின்பாதி உறுதியாக நிற்கவும் ஒரு குண்டைச் செய்தார். அருமையான குண்டு, ஆனால் சாதாரண மானுக்கு அந்த விலை தேவையில்லை.

முழுச் செம்புக் குண்டு வாங்கினால் ஒரு படி எடையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஈயத்தைவிடச் செம்பு இலேசு, அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். 150-க்குப் பதில் 130 போதும். செம்பு உடையாது, அதனால் ஆழம் குறையாது.

போன வருஷம் ஒரு மானின் மறுபக்கத் தோலுக்கடியில் என் 165 கிரெய்ன் குண்டு கிடைத்தது. கழுவி, காபித்தூள் நிறுக்கும் தராசில் வைத்தேன். புதிதாக 10.7 கிராம் இருந்தது, இப்போது 9.6. வாய் விரிந்து, ஓரம் சுருண்டு, சின்னச் செம்புப் பூ மாதிரி இருக்கிறது. என் மனைவி அதைப் பூஜையறைப் பக்கமே கொண்டுவரக் கூடாது என்றுவிட்டாள். இப்போது கராஜில் இருக்கிறது.

படி 6: நான் வழுக்கி விழுந்த இடம்

பொறுமையாகப் படியுங்கள். ஸ்கோப்பைச் சரிசெய்ய நிறையத் தோட்டா செலவாகும். வேட்டைத் தோட்டா விலை அதிகம். அதனால் மலிவான, முழு உறை போட்ட 147 கிரெய்ன் தோட்டா இரண்டு பெட்டி வாங்கி, 100 கஜத்தில் அழகாக மையத்தில் கொண்டுவந்து வைத்தேன். வேட்டைக்கு முந்தைய இரவு, மேகஸினில் 165 கிரெய்ன் வேட்டைத் தோட்டாவை நிரப்பினேன். இரண்டும் .308தானே?

மறுநாள் 90 கஜத்தில் பெண் மான், பக்கவாட்டில் வலப்புறம் பார்த்து நின்றது. முன்னங்காலுக்குப் பின்னால் குறிவைத்தேன். மான் முதுகை வளைத்துத் துள்ளி ஓடியது. அந்த வளைவைப் பார்த்தாலே பெரியவருக்குத் தெரிந்துவிட்டது, குண்டு பின்னால் போய்விட்டது என்று. "நாலு மணி நேரம் உட்காரு, இப்பத் துரத்தாதே" என்றார்.

அடுத்த சனிக்கிழமை ரேஞ்சில் அதே 165-ஐத் தாளில் சுட்டேன். மூன்று அங்குலம் கீழே, இரண்டரை அங்குலம் இடப்பக்கம். மானின் உயிர்நிலை, அதாவது இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம், ஒரு சின்னத் தட்டு அகலம், எட்டு அங்குலம் சொச்சம். இந்தப் பிசகோடு என் கை நடுக்கமும் சேர்ந்தால் தட்டுக்கு வெளியே போவதில் ஆச்சரியமென்ன?

கீழே போனது புரிந்தது, கனமான குண்டு மெதுவாகப் போகிறது. இடப்பக்கம் ஏன் போனது? சுடும்போது குழல் சாட்டை மாதிரி அதிர்கிறது. ஒவ்வொரு குண்டும் அந்த அதிர்வின் வெவ்வேறு நொடியில் வாயைத் தாண்டுகிறது. எடை மாறினால் மாறும், கம்பெனி மாறினால் எடை ஒன்றானாலும் மாறும். எந்தப் பக்கம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது, உங்கள் துப்பாக்கியில் சுட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். வேறு வேறு கம்பெனி வேட்டைத் தோட்டா மூன்று பெட்டி, ஒவ்வொன்றிலும் 20, வாங்குங்கள். மலிவுத் தோட்டாவால் ஸ்கோப்பைத் தாளுக்குள் மட்டும் கொண்டுவாருங்கள். பிறகு ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் மூன்று மூன்றாக, குழல் ஆறவிட்டுச் சுடுங்கள். குழலைக் கையால் பிடிக்க முடியாத அளவு சூடென்றால் அந்தக் குறி எதையும் நம்பாதீர்கள். எது நெருக்கமாக விழுகிறதோ அதுதான் உங்கள் துப்பாக்கிக்குப் பிடித்த தோட்டா, விளம்பரம் என்ன சொன்னாலும் சரி. அதை வைத்து 100 கஜத்தில் மையத்துக்கு ஏறக்குறைய இரண்டு அங்குலம் மேலே நிறுத்துங்கள். .308 போன்றவற்றில் 200 கஜத்துக்குக் கிட்டத்தட்ட நேராக இருக்கும். நடுவில் எங்கே மான் நின்றாலும் யோசிக்காமல் குறிவைக்கலாம்.

அதே தோட்டாவில் இன்னும் நாலைந்து பெட்டி வாங்கிப் போட்டுவிடுங்கள். நவம்பர் முதல் சனிக்கிழமை வெள்ளைவால் சீசன் தொடங்கும் நேரத்தில் அலமாரி காலியாக இருக்கும், அனுபவம்.

பிற்சேர்க்கை 1: .30-30 லீவர் துப்பாக்கி (விசைக்குக் கீழே உள்ள நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றுவது) வைத்திருக்கும் இரண்டு பேர் கேட்டதால் இது. குழாய் மேகஸினில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக, ஒன்றின் முனை முன்னதன் பிரைமரில் முட்டியபடி நிற்கும். கூர்முனைக் குண்டு போட்டால் உதையில் பிரைமர் வெடிக்க வாய்ப்புண்டு. தட்டை முனை அல்லது ஹார்னடியின் ரப்பர் போன்ற மென்முனைக் குண்டு மட்டும் போடுங்கள்.

பிற்சேர்க்கை 2: ஒஹாயோவில் இருக்கும் மச்சினன் இதைப் படித்துவிட்டு, "அத்தான், உங்க .308-ஐ எடுத்துக்கிட்டு இங்க வந்தா அரெஸ்ட்தான்" என்றான். அங்கே மானுக்கு ரைஃபிளில் நேர்சுவர்க் கூடு உள்ள தோட்டா மட்டும்தான், .357 முதல் .50 வரை. கழுத்து குறுகிய .308, .243, .30-30 எதுவும் செல்லாது. அவன் .350 லெஜண்ட் வாங்கியிருக்கிறான், பெயரில்தான் .350, அங்கே அது செல்லும். 2019-இல் வந்தது, உதை குறைவு, 150 முதல் 180 கிரெய்ன், 200 கஜம் வரை நிம்மதியாகச் சுடலாம். .450 புஷ்மாஸ்டர் வாங்கலாமா என்று கேட்டான். ஒருமுறை இரவல் வாங்கிச் சுட்டுப்பார், அப்புறம் பேசலாம் என்றேன். இன்னும் தோளைத் தடவிக்கொண்டிருக்கிறான்.