வேப்பிலைக்குள் வாழும் பூஞ்சையைப் பிரித்தெடுப்பது எப்படி?

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது வேப்பிலைதான். நோய்ப்புள்ளி இல்லாத, முற்றிய இலையாகப் பறித்து, வாடுவதற்குள் அன்றைக்கே வேலையை முடித்துவிடுங்கள்.

கழுவி, அரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். 70 சதவீத எத்தனாலில் 5 விநாடி, 4 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் (வெளுப்புத் திரவம்) 90 விநாடி, கிருமி நீக்கிய நீரில் 10 விநாடி முக்கி எடுங்கள். அந்த 90 விநாடிதான் உயிர்நாடி. குறைந்தால் இலைமேல் ஒட்டிய பூஞ்சை பிழைத்துக்கொள்ளும். கூடினால் உள்ளே இருப்பதும் செத்துவிடும். சந்தேகமா? துண்டை ஊட்டக்கூழ் ஊற்றிய தனித் தட்டில் அழுத்தி எடுங்கள். அந்தத் தடத்தில் ஏதாவது முளைத்தால், மறுபடி முதலிலிருந்து.

அப்புறம், பாக்டீரியாவைத் தடுக்கும் குளோராம்பெனிகால் கலந்த உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகார் என்ற ஊட்டக்கூழில் துண்டுகளை வைத்து, 26 டிகிரியில் மூன்று நான்கு வாரம் விடுங்கள். ஒரே வாரத்தில் தட்டைத் தூக்கி எறியாதீர்கள். மெதுவாக வளர்பவற்றின் மேல்தான் எனக்கு ஆசை அதிகம். வெட்டிய விளிம்பில் இழை எட்டிப் பார்த்ததும், நுனியை மட்டும் கிள்ளிப் புதுத் தட்டுக்கு மாற்றுங்கள்.

பிறகு, அந்தப் பூஞ்சை பாக்டீரியாவைத் தடுக்குமா என்று பார்க்க, அதைத் திரவ ஊடகத்தில் வளர்த்து, வடிகட்டி, எத்தில் அசிட்டேட் என்ற கரைப்பானால் சாறெடுத்து, காகித வில்லையில் ஊற்றி ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா பரப்பிய தட்டில் வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் கரைப்பான் வில்லை ஒன்று பக்கத்தில் கட்டாயம்.

வில்லையைச் சுற்றி பாக்டீரியா வளராத தெளிவான வளையம் கண்டால் மருந்து கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பசிபிக் யூ மரத்துப் பூஞ்சை ஒன்று புற்றுநோய் மருந்தான டாக்சாலைத் தயாரிப்பதாக 1993இல் அறிவித்தார்கள். கிடைத்த அளவோ மிக மிகச் சொற்பம். திரும்பத் திரும்பத் தட்டு மாற்றினால் பல பூஞ்சைகள் உற்பத்தியையே குறைத்துக்கொள்ளும். அதனால் முதல் வளர்ப்பிலேயே கொஞ்சம் கிளிசராலில் உறையவைத்துவிடுங்கள்.