ரோட்டரி இன்ஜினில் உள் கியரைக் கழற்றி மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோட்டரி இன்ஜினில் பிஸ்டனுக்குப் பதிலாக ரோட்டர் என்ற முக்கோண உருளை சுழல்கிறது. இரண்டு ரோட்டர்கள் கொண்ட மாஸ்டாவின் 13பி இன்ஜினில், ரோட்டருக்கு ஒன்றாக இரண்டு ஜோடி கியர்கள் உண்டு. முன், பின் ஹவுசிங்குகளில் (இன்ஜினின் உறைப் பகுதிகளில்) அசையாமல் நிற்பது 34 பல் கொண்ட ஸ்டேஷனரி கியர். ரோட்டருக்குள் இருப்பது 51 பல் கொண்ட உள் கியர். ரோட்டர் தன் உள் கியரால் ஸ்டேஷனரி கியரைப் பற்றிக்கொண்டு உருள்கிறது. பல் கணக்கு 3:2 என்பதால் இன்ஜினின் நடுத்தண்டான எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றினால் ரோட்டர் ஒரு சுற்று முடிக்கும்.

பலருக்கும் இங்கேயே கோணல் தொடங்குகிறது. இன்ஜினின் சக்தி இந்தக் கியர் வழியாகத்தான் ஷாஃப்ட்டுக்குப் போகிறது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எரியும் வாயு ரோட்டரைத் தள்ள, ரோட்டர் தன் பேரிங் வழியாக எக்சென்ட்ரிக் ஷாஃப்ட்டின் மையம் விலகிய புடைப்பை நேரடியாகத் தள்ளுகிறது. ரோட்டர் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதைக் காப்பது மட்டுமே கியரின் வேலை. அதனால் பல் உடைந்த கியரைப் பார்த்ததும் "கியர் மட்டமான சரக்கு" என்று முடிவுகட்டி, புதுசு வாங்கிப் போட்டுவிட்டுக் கிளம்பக் கூடாது. பேரிங் தேய்ந்து ஷாஃப்ட்டின் மையம் நகர்ந்திருக்கலாம். அளவுக்கு மீறிய வேகத்தில் ஷாஃப்ட் வளைந்து பல்லோடு பல் மோதியிருக்கலாம். காரணத்தை விட்டுவிட்டால் புதுக் கியரும் அதே இடத்தில்தான் உடையும்.

ஷாஃப்ட்டின் மையத்துக்கும் ரோட்டரின் மையத்துக்கும் இடையே 15 மி.மீ. தூரம் இருக்கிறது. இரண்டு கியர்களும் சரியான ஆழத்தில் கடிப்பது இந்தத் தூரத்தை நம்பித்தான். ஷாஃப்ட்டைத் தாங்கும் மெயின் பேரிங் ஸ்டேஷனரி கியரின் உள்ளேயே இருப்பதால், கியரைக் கையில் எடுத்தாலே பேரிங்கையும் அளந்தாக வேண்டும். உள்விட்டம் அளக்கும் போர் கேஜை ஒன்றுக்கொன்று குறுக்கான இரண்டு திசைகளில் வைத்து அளந்து, அதிலிருந்து ஷாஃப்ட் ஜர்னலின் (பேரிங்குக்குள் சுழலும் பகுதியின்) மைக்ரோமீட்டர் அளவைக் கழியுங்கள். மெயின் ஜர்னல் ஏறக்குறைய 43 மி.மீ., ரோட்டர் ஜர்னல் ஏறக்குறைய 74 மி.மீ. இரண்டு இடத்திலும் இடைவெளி 0.04 முதல் 0.08 மி.மீ. வரை இருக்க வேண்டும். 0.10 மி.மீ.யைத் தாண்டினால் பேரிங் மாற்ற வேண்டியதுதான். அளவு சரியாக இருந்தாலும் பேரிங் பரப்பில் செம்பு நிறம் தெரிந்தால் அதையும் நம்பாதீர்கள்.

கழற்றும்போது

ஃபிளைவீல் நட் 54 மி.மீ. அளவுள்ளது. 392 முதல் 490 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கியிருப்பார்கள். ஃபிளைவீலைப் பிடித்து நிறுத்தும் ஸ்டாப்பர் இல்லாமல் இதை அவிழ்க்க முயன்று, ரோட்டருக்கு ஏதாவது முட்டுக்கொடுத்து நிறுத்துவது மோசமான பழக்கம். அந்த இழுவை நேராகக் கியர் பல்லில் போய் விழும்.

ஸ்டேஷனரி கியர் ஹவுசிங்கில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். அதன் ஃபிளாஞ்ச் (போல்ட் போடும் விளிம்பு) வெளிப்பக்கம் இருக்கிறது. ஆகவே போல்ட்களை எடுத்தபின் இன்ஜினின் உள்பக்கத்திலிருந்து வெளியே தள்ள வேண்டும். ஸ்குரூடிரைவரை ஃபிளாஞ்ச் அடியில் நுழைத்து நெம்பினால், சீலன்ட் ஒட்ட வேண்டிய பரப்பில் கீறல் விழும். பல்லின் மேல் சுத்தியலால் அடித்தால் பல் முனை சிதறும். அந்தச் சிதறல் சிறியதாகத்தான் தெரியும். ஆனால் கடினப்படுத்திய எஃகில் சிறு சிதறலே விரிசலின் தொடக்கம். கியரின் முழு முகத்திலும் பதியும் அளவுக்குத் தட்டையான பித்தளை அல்லது அலுமினியத் துண்டை வைத்து, சுற்றிச் சுற்றிச் சமமாகத் தட்டுங்கள். ப்ரஸ் இருந்தால் அதுதான் உத்தமம்.

ரோட்டரிலுள்ள உள் கியரைப் பொறுத்தவரை பெரிய தவறே, தேவையில்லாமல் அதைக் கழற்றுவதுதான். ரோட்டரைச் சுத்தம் செய்யவோ, ஆயில் சீல் மாற்றவோ, பேரிங் மாற்றவோ கியரை எடுக்க வேண்டியதில்லை. வளையத்தைச் சுற்றியுள்ள துளைகளில் குழல் வடிவ ஸ்பிரிங் பின்கள் கியரைப் பிடித்திருக்கும். பல் உடைந்திருந்தாலோ, கையால் அசைக்கும்போது கியர் ஆடினாலோ மட்டுமே அதைத் தொடலாம். அந்த நிலையில்கூட, கைவசம் நல்ல ரோட்டர் இருந்தால் ரோட்டரையே மாற்றுவது பாதுகாப்பானது.

கழற்றியே ஆக வேண்டுமென்றால், ஆயில் சீல்களை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். எந்தப் பல் ரோட்டரின் எந்த முனைக்கு நேராக இருக்கிறது என்று பெயின்ட் மார்க்கரால் குறியுங்கள். துளைகள் பொருந்திவிட்டதால் கோணமும் சரி என்று ஆகிவிடாது. ஸ்பிரிங் பின்னின் துளை ஒன்று தள்ளி மாட்டினால் பல்லின் இடமும் மாறிவிடும். பின்கள் எல்லாம் வெளியே வந்தபிறகே கியரை வெளியே இழுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் கியர் சாய்ந்து இறுகிக்கொள்ளும். நெம்புகோல் வழுக்கினால் காயம் படுவது ஆயில் சீல் பள்ளத்தில்தான். அங்கே ஒரு கோடு விழுந்தால் போதும், புது சீல் போட்டும் இன்ஜின் நீலப் புகை விடும்.

சுத்தம் செய்வதிலும் கவனம் தேவை. கண்ணாடி மணி பிளாஸ்டிங் செய்தால் மணிகள் பின்களின் குழலுக்குள்ளும் ரோட்டரின் உள் அறைகளிலும் தங்கிவிடும். இன்ஜின் ஓடும்போது அவை எண்ணெயோடு கலந்து பேரிங்கைத் தின்னும். கரைப்பானும் பிரஷும் போதும்.

ரோட்டர் பேரிங்கை ப்ரஸ்ஸில் தள்ளும்போது ரோட்டரின் உடல்தான் ஆதாரத்தில் உட்கார வேண்டும். கியரின் விளிம்பில் பாரம் ஏறினால் பின்கள் தளரும்.

மாட்டும்போது

பழைய ஸ்பிரிங் பின்களைத் திரும்பப் போடாதீர்கள், அவற்றின் இழுவிசை போயிருக்கும். புதுப் பின் கியர் முகத்தைவிட ஒரு மயிரிழையும் மேலே நிற்கக் கூடாது. நேர்விளிம்புள்ள ஸ்கேலை முகத்தில் வைத்துப் பாருங்கள். துருத்திய பின், பக்க ஹவுசிங்கை வட்டமாகச் சுரண்டிவிடும்.

ஸ்டேஷனரி கியருக்குள் புது மெயின் பேரிங் ஏற்றும்போது பேரிங்கின் நாக்கு கியரிலுள்ள காடிக்கு நேராக வர வேண்டும். சற்றே திரும்பி ஏறினாலும் எண்ணெய்த் துளை மூடிக்கொள்ளும். ஏற்றி முடித்ததும் எண்ணெய் வழியில் காற்று ஊதிப் பார்த்துவிட்டே அடுத்த வேலைக்குப் போங்கள்.

பின்பக்க ஸ்டேஷனரி கியரின் ஃபிளாஞ்சில் ஒரு வெட்டு இருக்கும். அது ஹவுசிங்கின் டோவல் பின்னுக்கு (இடம் காட்டும் சிறு முளைக்கு) நேராக வர வேண்டும். நேராக்காமல் போல்ட்டால் இழுத்தால் ஃபிளாஞ்ச் கோணலாகிவிடும். ஓ-ரிங்கைப் புதிதாக மாற்றி, பெட்ரோலியம் ஜெல்லி தடவி, வெட்டுப்படாமல் உள்ளே இறக்குங்கள். இந்த ஓ-ரிங் அறுந்தால் எண்ணெய் கிளட்ச் பக்கம் கசியும். பலர் அதைப் பின்பக்க ஆயில் சீல் கசிவு என்று நினைத்து சீலை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஃபிளாஞ்சுக்கு சீலன்ட் மெல்லிய கோடாகப் போதும். தடித்துப் பூசினால் பிதுங்கி எண்ணெய்த் துளைப் பக்கம் போய் மெயின் பேரிங்கைப் பட்டினி போடும். போல்ட்களை எதிரெதிராக, 16 முதல் 23 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கவும்.

முன் ரோட்டரின் உள் கியர் இன்ஜினின் முன்பக்கம் பார்க்க வேண்டும், பின் ரோட்டரின் உள் கியர் பின்பக்கம் பார்க்க வேண்டும். ரோட்டரை ஸ்டேஷனரி கியர் மேல் இறக்கும்போது அதன் ஒரு முனை, ஹவுசிங்கின் நெடுக்கு அச்சிலோ குறுக்கு அச்சிலோ உள்ள நான்கு இடங்களில் ஒன்றில் நிற்க வேண்டும். ஒரு பல் தவறினால் ரோட்டர் சுமார் 7 டிகிரி திரும்பி நிற்கும். 13பியில் ரோட்டரின் மையத்திலிருந்து முனைக்கு 105 மி.மீ. என்பதால், முனை கிட்டத்தட்ட 13 மி.மீ. விலகிவிடும். அப்போது ரோட்டர் ஹவுசிங் இறங்க மறுக்கும். ரப்பர் சுத்தியலால் தட்டி இறக்கப் பார்ப்பதுதான் இங்கே நடக்கும் பெருந்தவறு. தானாக இறங்காத ஹவுசிங் கியர் தவறாகக் கடித்திருக்கிறது என்று சொல்கிறது. ரோட்டரைத் தூக்கி மறுபடி வைத்துப் பாருங்கள். நடு ஹவுசிங்கை மாட்ட ஷாஃப்ட்டை 25 மி.மீ. அளவுக்குத் தூக்க வேண்டிவரும். அதற்கு மேல் இழுத்தால் பேரிங்கின் விளிம்பில் கீறல் விழும்.

முழுதும் அடுக்கி இறுக்கியபின் ஷாஃப்ட்டின் முன்பின் அசைவைத் தாங்கும் முன்பக்கத் தள்ளு பேரிங்குகளின் (thrust bearing) முறை. புல்லி போல்ட் தளர்ந்திருக்கும்போது ஷாஃப்ட் பின்னுக்கு நகர்ந்தால், அவற்றிலுள்ள ஊசி பேரிங், இடைவெளி வளையமான ஸ்பேசரிலிருந்து நழுவிக் கீழே தொங்கும். அது தெரியாமல் போல்ட்டை இறுக்கினால் பேரிங் நசுங்கும். இன்ஜின் காரில் இருக்கும்போது கிளட்ச் பெடலை மிதித்தாலும் இதே கதி நேரலாம். வொர்க்பெஞ்சில் இன்ஜினை முன்பக்கம் மேலே இருக்கும்படி நிறுத்தி இந்த வேலையைச் செய்வது நல்லது. இறுக்கியதும் டயல் கேஜ் வைத்து ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் அசைத்து, அது நகரும் தூரமான எண்ட் ப்ளேயை அளவெடுங்கள். 0.04 முதல் 0.07 மி.மீ. வரை சரி, 0.09 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. அதிகமாக இருந்தால் மெல்லிய ஸ்பேசரும், குறைவாக இருந்தால் தடித்த ஸ்பேசரும் போட வேண்டும். கேஜின் முள் அசையவே இல்லை என்றால் ஸ்பேசரை மாற்றும் முன் போல்ட்டை அவிழ்த்து, பேரிங் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.