கழுத்துல தொங்குற மருவுக்கு நூல் கட்டுறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க

கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, கண் இமைன்னு ஒரு சின்ன காம்போட தொங்குமே அந்த சதைதான் ஸ்கின் டேக், நம்ம ஊர்ல மருன்னோ பாலுண்ணின்னோ சொல்லிட்டு போயிடுவோம். தொட்டா மெத்துன்னு இருக்கும், சாதாரணமா வலிக்காது, ஆபத்தும் கிடையாது. தோலோட தோல் உரசுற இடத்துல, செயினும் காலரும் உரசுற இடத்துலதான் அதிகம் வரும். வீட்ல அப்பா அம்மாவுக்கு இருந்தா, வெயிட் போட்டா, கர்ப்பமா இருக்கும்போதும் வரலாம்.

வைரஸால வர்ற மரு வேற. அது ஹெச்பிவி பண்ற வேலை, சொரசொரன்னு இருக்கும், மத்தவங்களுக்கும் ஒட்டும். ஸ்கின் டேக் ஒட்டாது, ஒண்ண எடுத்தா பத்தா பரவும்னு சொல்றதும் சும்மா. இந்த ரெண்டையும் போட்டு குழப்பிக்கிட்டுதான் மெடிக்கல்ல சாலிசிலிக் ஆசிட் பாட்டில வாங்கி கழுத்துல தடவுறாங்க, டேக் அப்படியே இருக்கும், சுத்தி இருக்கற தோல் வெந்துடும்.

வீட்டு வைத்தியத்துல எனக்கு ரொம்ப பயமா இருக்கறது சுண்ணாம்பையும் சலவை சோடாவையும் குழைச்சு வைக்கிறதுதான். அது ரெண்டும் தண்ணில சேர்ந்தா உண்டாகுறது காஸ்டிக் சோடாங்க, மரு உதிருதுன்னு நாம நினைக்கிறோம், ஆனா அங்க நடக்கறது தீக்காயம், தழும்பு காலத்துக்கும் நிக்கும். பூண்டும் ஆப்பிள் சிடர் வினிகரும் கூட தோல பொசுக்கும். கோயில்ல உப்பு மிளகு போடுறவங்கள நான் ஒண்ணும் சொல்லமாட்டேன், அதுல தோலுக்கு சேதம் இல்ல.

தலைமுடியோ நூலோ கட்டுறது காலங்காலமா இருக்கு, டாக்டருங்களும் சில சமயம் கட்டி எடுப்பாங்கதான், ஆனா வீட்ல அரைகுறையா கட்டினா ரத்த ஓட்டம் பாதி நின்னு வீங்கி, சீழ் வெச்சுக்கும். நெயில் கட்டரால நறுக்குறதும் அப்படித்தான், சின்னதா இருக்கேன்னு வெட்டினா ரத்தம் நிக்காம ஓடும், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு கேக்கவே வேணாம்.

இதையெல்லாம் விட பெரிய தப்பு, டேக்க மட்டும் பாத்துட்டு சுகர பாக்காம விடுறது. உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யாதப்போ ரத்தத்துல இன்சுலின் கூடும், அது தோல் செல்கள வளர தூண்டி விடும், அதனாலதான் சுகர், பிசிஓஎஸ் (பொம்பளைங்களுக்கு வர்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு), தொப்பை இருக்கறவங்களுக்கு இது நிறைய வருது. டேக்கோட சேர்த்து கழுத்து பின்னாடி வெல்வெட் மாதிரி கருத்துப் போயிருந்தா அத அழுக்குன்னு நினைச்சு பீர்க்கங்கா நார் போட்டு தேய்க்காதீங்க, ஒரு ஹெச்பிஏ1சி டெஸ்ட் எடுங்க, கடந்த ரெண்டு மூணு மாசத்து சராசரி சுகர சதவீதத்துல சொல்ற ரத்த டெஸ்ட் அது. 5.7-ல இருந்து 6.4 வரைக்கும் வந்தா சுகருக்கு முந்தின கட்டம், 6.5-ஓ அதுக்கு மேலயோ போனா சுகராத்தான் இருக்கும், டாக்டர் உறுதிப்படுத்துவார். அப்படி இருக்கறவங்களுக்கு புண்ணு சீக்கிரம் ஆறாது, இப்ப அந்த சுண்ணாம்பையும் நூலையும் யோசிச்சு பாருங்க.

தொந்தரவு இல்லன்னா எடுக்கவே வேணாம். எடுக்கணும்னா தோல் டாக்டர்கிட்ட போங்க, மரத்துப்போக க்ரீமோ ஊசியோ போட்டு கரண்ட் வெச்சு சுடுவாங்க, கத்திரியில வெட்டுவாங்க, இல்ல லிக்விட் நைட்ரஜன்ல உறைய வைப்பாங்க, பெரும்பாலும் அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம். நம்ம நிற தோலுக்கு உறைய வெச்ச இடம் வெளுத்துப் போக வாய்ப்பு இருக்கு, சுட்ட இடம் கொஞ்ச மாசம் கருத்திருக்கலாம், முன்னாடி கீலாய்டு தழும்பு (காயத்தையும் தாண்டி தடிச்சு வளர்ற தழும்பு) வந்திருந்தா கண்டிப்பா சொல்லிடுங்க. பார்லர்ல செய்யாதீங்க, ஊசிய சரியா ஸ்டெரிலைஸ் பண்ணலன்னா ஹெபடைடிஸ் பி வரைக்கும் வரலாம். இமையில இருந்தா கண் டாக்டர்தான். திடீர்னு நிறம் மாறுது, வேகமா வளருது, தானா ரத்தம் வருதுன்னா அது டேக்தானான்னே சந்தேகப்படணும், எடுத்தத பயாப்ஸிக்கு, அதாவது லேப்ல சதைய சோதிக்க, அனுப்ப சொல்லுங்க.

எடுத்த அப்புறம் வர்ற பொருக்க பிச்சுறாதீங்க, தானா உதிரட்டும்.