பன்றிகளுக்கான தடுப்பூசியைப் பாதுகாப்பாக உருவாக்குவது எப்படி?

1999ஆம் ஆண்டு மலேசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பன்றிகள் வழியாக நிப்பா கிருமி சிங்கப்பூரின் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேரைத் தொற்றியது. அவர்களுள் ஒருவர் உயிரிழந்தார். பன்றிப் பண்ணைகளே இல்லாத இந்நாட்டிலிருந்தும் பன்றித் தடுப்பூசித் துறைக்கு நம் மாணவர்கள் வரவேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

தடுப்பூசிக்கு வீரியம் குறைத்த உயிருள்ள கிருமியைத் தேர்ந்தெடுத்தால், அதன் நோய்த்தன்மைக்குக் காரணமான மரபணுக்களை இயன்றவரை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நீக்குங்கள். ஒற்றை மாற்றம் மட்டும் இருந்தால் கிருமி அதைச் சரிசெய்துகொள்ளும் வாய்ப்பு அதிகம். பிறகு, தடுப்பூசி பெற்ற பன்றிகளிடமிருந்து மீட்ட கிருமியை அடுத்தடுத்து ஐந்து பன்றிக் குழுக்களின் வழியே செலுத்தி, காய்ச்சல் தோன்றுகிறதா, மரபணுத்தொடர் மாறுகிறதா என்று ஒவ்வொரு கட்டத்திலும் சோதிக்க வேண்டும். இச்சோதனையில் அவசரம் கூடவே கூடாது. சினைப்பன்றிகளையும் இளங்குட்டிகளையும் தனியாக ஆராயுங்கள்.

செவ்வியல் பன்றிக்காய்ச்சலுக்கு (classical swine fever; மனிதருக்கு வரும் பன்றிக்காய்ச்சல் அன்று) எதிராகச் செய்வதுபோல், கிருமியின் மேலுறையிலுள்ள ஈ2 (E2) என்னும் புரதத்தை மட்டும் தயாரித்துச் செலுத்துவது இன்னும் பாதுகாப்பானது, ஏனெனில் அதில் பெருகக்கூடிய கிருமி இல்லை. ஆயினும் நோயெதிர்ப்பைத் தூண்டும் துணைமருந்து தேவைப்படும். பாதுகாப்பு உருவாகவும் சற்றுத் தாமதமாகும். அத்தடுப்பூசி பெற்ற பன்றிக்கு ஈ2 எதிர்ப்பொருள் மட்டுமே இருக்கும். கிருமியின் வேறு புரதங்களுக்கும் எதிர்ப்பொருள் தென்பட்டால், அது உண்மையாகவே தொற்றுக்கு உள்ளானது எனக் கொண்டு தனிமைப்படுத்துங்கள்.