ஒருசந்தின்னு வயித்த மட்டும் காயப்போடாதீங்க

ஈஸ்டருக்கு முன்னால வர்ற 40 நாள் தவக்காலம் வந்தா மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல எல்லார் வாயிலயும் ஒரே கேள்விதான், "இந்த வருஷம் என்ன விட்டிருக்க?" ஒருத்தர் தே தாரிக் டீய விட்டுட்டேன்பாரு, இன்னொருத்தர் கோழி, பையனுங்க டிக்டாக். விடுறது நல்லதுதான், நான் வேணாம்னு சொல்லல, ஆனா விட்டதோட கடமை முடிஞ்சதுன்னு இருந்துடுறோம் பாருங்க, அதத்தான் பேசணும்.

முதல்ல சட்டம். கத்தோலிக்க திருச்சபை கட்டாயமா கேக்குற ஒருசந்தி வருஷத்துக்கு ரெண்டே நாள், தவக்காலம் தொடங்குற விபூதி புதனும், இயேசு சிலுவையில உயிர் விட்ட பெரிய வெள்ளியும். ஒரு வேளை முழு சாப்பாடு, மத்த ரெண்டு வேளை கொஞ்சமா, 18 வயசுலேர்ந்து 59 வரைக்கும். இறைச்சி ஒதுக்குற சுத்தபோசனம் 14 வயசுலேர்ந்து. உடம்பு முடியாதவங்களுக்கு கட்டாயமே இல்ல. இத ஏன் அழுத்தி சொல்றேன்னா, இனிப்பு நீருக்கு, அதான் சர்க்கரை வியாதிக்கு, ஊசி போட்டுக்கிற அம்மாமாருங்க ஆண்டவர் பாத்துக்குவாருன்னு பட்டினி கெடந்து பூசையிலயே மயங்கி விழுந்தத நான் பாத்திருக்கேன். 2019 மலேசிய தேசிய சுகாதார ஆய்வுல பெரியவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர் இருந்துச்சு, நம்ம இந்தியருங்ககிட்ட இன்னும் அதிகம். டாக்டர கேக்காம ஒருசந்தி இருக்காதீங்க, கேக்குறது விசுவாசக் குறைவு இல்ல.

அப்புறம் மீன். இறைச்சி கூடாதுன்னுதான சொன்னாங்கன்னு வெள்ளிக்கிழமை ஈக்கான் பக்கார்னு சுட்ட மீனும் எறா சம்பலுமா மேசைய நிரப்புறது. சட்டப்படி குத்தமில்ல, ஆனா தவம் எங்க இருக்கு அதுல?

அடுத்தது பேரம் பேசுறது. மகனுக்கு வேல கெடைக்கணும், 21 நாள் உபவாசம். வீட்டு லோன் கெடைக்கணும், இன்னொரு 21 நாள். கேக்குறது தப்பில்ல, பிள்ள அப்பாகிட்ட கேக்காம யார்கிட்ட கேக்கும், ஆனா நான் பசியா இருந்தேன் நீ குடுன்னு கணக்கு வெக்கிறது வேற. இயேசு வனாந்தரத்துல 40 நாள் நோன்பு இருந்து பசிச்சப்ப கல்ல அப்பமாக்குன்னு சொன்னவன் சாத்தான். அந்த பசிய வெச்சு அவர் தனக்குன்னு எதையும் வாங்கிக்கல.

2025ல விபூதி புதன் மார்ச் 5, ரமலான் இங்க மார்ச் 2, ரெண்டும் சேந்தே வந்துச்சு. முஸ்லிம்க தண்ணி கூட குடிக்கல, நம்மது ஒரு நோன்பான்னு நம்மள்ல சிலர் வெக்கப்பட்டாங்க, சிலர் போட்டிக்கு தண்ணி குடிக்கிறதயே விட்டாங்க. போட்டி எதுக்கு? மத்தேயு 6ல இயேசு என்ன சொல்றாரு, நோன்பு இருக்கும்போது தலைக்கு எண்ண வெச்சு முகத்த கழுவிக்கோ, உன் அப்பாவுக்கு மட்டும் தெரிஞ்சா போதும்ங்கறாரு. அத படிச்சிட்டு வாட்ஸ்அப்ல "நோன்பு நாள் 17"ன்னு ஸ்டேட்டஸ் போட மனசு வரக்கூடாது.

ஆனா எனக்கு ரொம்ப வலிக்கிறது பைபிள்ல எசாயா 58தான். ஜனங்க கடவுள்கிட்ட முறையிடுறாங்க, நாங்க நோன்பு இருந்தோம் நீர் ஏன் பாக்கலன்னு. அவர் பதில் சொல்றாரு, நோன்பு நாள்லயே உங்க வேலையாளுங்கள ஒடுக்குறீங்க, சண்ட போடுறீங்க, நான் விரும்புற நோன்பு அநியாயத்தோட கட்ட அவுக்குறது, பசிச்சவனுக்கு உன் சாப்பாட்ட பங்கு போடுறதுன்னு. இது தோட்டத்து ஜனங்களுக்கே எழுதுன மாதிரி இருக்கும் எனக்கு. செம்பனை குத்தகை எடுக்குற ஒருத்தர எனக்கு தெரியும், 40 நாளும் இறைச்சி தொடமாட்டாரு, சிலுவைப்பாதையில முன்னால நிப்பாரு, ஆனா பழம் வெட்டுற பங்களாதேஷ் பையனுங்களுக்கு ரெண்டு மாச சம்பளம் பாக்கி. அந்த பையனுங்க வெறும் சோத்துல உப்பு போட்டு சாப்பிட்டானுங்க. அந்த தவக்காலத்துல உண்மையா பட்டினி கெடந்தது யாரு? அவர மட்டும் சொல்லல, வீட்டு வேலைக்கு வர்ற அக்காவ, பேசாம இருக்குற அண்ணன் தம்பிய, நாமளும் யோசிக்கணும்.

எங்க பாட்டி ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டி பால் எடுத்தவங்க, எழுத படிக்க தெரியாது. ஒருசந்தி அன்னிக்கு அவங்க ஒதுக்குற வேளைக்கு உலைல போடவேண்டிய அரிசிய ஒரு டப்பால அளந்து வெப்பாங்க, சாயந்தரம் எங்க லயத்து, அதான் தோட்டத்து வரிசை வீடுங்கள்ல, கடைசி வீட்டுல இருந்த விதவ பாட்டிகிட்ட போகும். எடுத்துட்டு போறது நான்தான். ரொம்ப வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுக்கிட்டேன், 2ஆம் நூற்றாண்டுல ரோம்ல எழுதுன ஒரு பழைய கிறிஸ்தவ நூல்லயும் அப்படியே இருக்காம், நோன்பு அன்னிக்கு நீ சாப்பிடாத சாப்பாட்டோட விலைய கணக்கு பண்ணி விதவைக்கும் அனாதைக்கும் குடுன்னு. பாட்டிக்கு அத யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு நான் கேக்கவே இல்ல. அந்த டப்பா இன்னும் எங்க அம்மா அடுப்படியில இருக்கு, மைலோ டப்பா, பச்ச பெயிண்ட் உரிஞ்சு போயி.